‘என் ஸ்டைல் இயற்கையானது’: போட்ரெய்ட் கலைஞர்கள் சொல்வதும் வெளியில் செய்வதும்

போட்ரெய்ட், அதாவது ஆட்களின் உருவப்படம் எடுக்கும் புகைப்படக் கலைஞர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் அறிமுகக் குறிப்புகளில் பத்தை எடுத்துப் படித்தால், பத்தையும் ஒரே ஆள் எழுதினாரோ என்று தோன்றும். இயற்கையான ஒளி, இயல்பான முகபாவம், கதை சொல்லும் படம், எத்தனை வருஷம் போனாலும் பழசாகாத அழகு. சரி என்று படங்களைப் பார்க்கப் போனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் எடுத்த முகத்தில் உச்சி வெயில் மூக்கின் நிழலை உதட்டின் மேல் கறுப்பாகப் போட்டிருக்கிறது. இன்னொருவர் படத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ‘இயற்கையான ஒளி’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

ஸ்டைலைச் சொல்லுங்கள் என்று கேட்டால், படத்தைப் பார்ப்பவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலான கலைஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டைல் உருவாவது அதற்கு முன்பே. எதையெல்லாம் தன் கையில் வைத்துக்கொள்கிறார், எதை அதன் போக்கில் விட்டுவிடுகிறார் என்ற தேர்வில் அது உருவாகிறது. ஸ்டூடியோவுக்குள் இந்தத் தேர்வு வெளியே தெரியாது. அங்கே எல்லாமே அவர் கையில். வாசலைத் தாண்டியதும் வெயில், காற்று, மேகம், வேடிக்கை பார்க்க நிற்பவர்கள், எதிர்ச் சுவரின் நிறம் என்று பாதி விஷயங்கள் கையை விட்டுப் போய்விடும். மீதியில் எதற்காக அவர் மல்லுக்கட்டுகிறார் என்று கவனித்தால் போதும். மாடலை வைத்து வெளியிடங்களில் எடுக்கும் லொகேஷன் ஷூட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்டைலைப் பற்றிப் பேசுவது அதனால்தான் வசதி.

போட்ரெய்ட் ஆரம்பித்ததே கிட்டத்தட்ட வெளியில்தான். 1839-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ராபர்ட் கார்னீலியஸ் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம், இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய போட்ரெய்ட்களில் ஒன்று. குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்புறம் திறந்த வெளியில் அதை எடுத்தார். ரசனை காரணமல்ல, அன்றைய தகடுகளில் உருவம் பதிய அவ்வளவு வெளிச்சம் வேண்டியிருந்தது. அப்புறம் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோக்கள் வந்தன. உட்கார்ந்திருப்பவர் அசையக்கூடாது என்று தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்றை நிறுத்தினார்கள். பழைய படங்களில் எல்லோரும் விறைப்பாக இருப்பதில் அந்தக் கவ்விக்கும் பங்கு உண்டு.

கையில் வைத்துக்கொள்வது, விட்டுவிடுவது என்று சொன்னேனே, அதற்குப் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனைவிடத் தெளிவான பழைய உதாரணம் இல்லை. 1863-ல், 48 வயதில், பரிசாக அவர் கைக்கு ஒரு கேமரா வந்தது. கோழிக்கூண்டாக இருந்த ஒரு கண்ணாடிக் கொட்டகையை ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டார். அவருடைய படங்களில் ஃபோகஸ் கூர்மையாக இருக்காது, தகட்டில் கீறலும் கறையும் அப்படியே தெரியும். அன்றைய விமர்சகர்கள் தொழில் தெரியாதவர் என்று கேலி செய்தார்கள். கேமரன் அதைப் பொருட்படுத்தவில்லை. கூர்மையை விட்டுக்கொடுத்தார், முகத்தில் ஒரு பக்கமிருந்து விழுகிற ஒளியையும், படத்தின் சட்டத்தை (ஃபிரேமை) நிறைக்கும் அளவுக்கு முகத்தை நெருங்குவதையும் கடைசிவரை விடவில்லை. பிற்காலத்தில் இலங்கைக்குக் குடிபெயர்ந்து அங்கே தோட்டத் தொழிலாளர்களை எடுத்தபோதும் அந்தக் கை அடையாளம் தெரிகிறது.

மாடலை வெளியே அழைத்துப்போய் எடுக்கும் வழக்கத்துக்குத் திருப்புமுனை என்று எல்லோரும் காட்டுவது 1933-ஐ. ஹங்கேரியில் பிறந்த மார்ட்டின் முங்காச்சி அடிப்படையில் விளையாட்டுப் போட்டிகளை எடுத்தவர். ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழின் ஃபேஷன் ஆசிரியர் கார்மெல் ஸ்நோ அவரை நீச்சலுடைப் படங்களுக்காக நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்ட் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நல்ல குளிர். முங்காச்சி, மாடல் லூசில் ப்ரோக்காவைக் கேமராவை நோக்கி ஓடி வரச் சொன்னார். பின்னால் மேலங்கி பறக்க அவர் ஓடிவரும் அந்தப் படத்துக்கு முன்பு ஃபேஷன் மாடல் என்றால் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சிலையாக நிற்பவர். கால்பந்து வீரரை எடுத்துப் பழகிய கை, உடை உடுத்திய பெண்ணையும் அப்படியே எடுத்தது. அசைவை வரவழைத்துக்கொண்டு, அந்த அசைவில் முகமும் கைகளும் எப்படி அமைகின்றனவோ அப்படியே விட்டார்.

வெளியே போனவர்கள் எல்லோரும் வெளியைக் காட்டுவதற்காகப் போகவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். இடத்தை எவ்வளவு உள்ளே விடுவது என்பது ஸ்டைலின் பெரிய முடிவு. ஒரு முனையில் ஆர்னால்ட் நியூமன். ஆளை அவர் புழங்கும் சூழலோடு சேர்த்து எடுக்கும் பாணிக்கு அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1946-ல் இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில், திறந்த பியானோ மூடி சட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கி ஒரு மூலையில் சின்னதாக, கையில் தலையைச் சாய்த்தபடி. படத்தைப் பின்னால் கறாராக வெட்டித்தான் அந்த அமைப்புக்கு நியூமன் கொண்டுவந்தார். எடுக்கச் சொன்ன ஹார்ப்பர்ஸ் பஜார் அதை வெளியிடவில்லை. இன்று நியூமன் என்றதும் நினைவுக்கு வருவது அதுதான்.

அதே நியூமன் 1963-ல் ஜெர்மன் தொழிலதிபர் ஆல்ஃப்ரீட் க்ரூப்பை அவருடைய தொழிற்சாலையிலேயே எடுத்தார். இரண்டாம் உலகப் போரில் அடிமை உழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் க்ரூப். யூதரான நியூமன் அவரை ஒரு மேடையில் உட்காரவைத்து, இரு பக்கமும் தாழ்ந்த ஒளி விழும்படி செய்து, கொஞ்சம் முன்னால் சாயச் சொன்னார். சாய்ந்த கணத்தில் அந்த முகம் சாத்தான் முகமானது. க்ரூப் தரப்பு கொதித்தது. இடத்தைக் காட்டுவது நடுநிலையான வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை உண்மையானதுதான், ஆள் உண்மையானவர்தான், தீர்ப்பு மட்டும் விளக்கு வைத்தவருடையது.

எதிர்முனையில் ரிச்சர்ட் அவெடன். 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுற்றி, சுரங்கத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், வீடற்றவர்கள் என்று 700-க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார். அத்தனை தூரம் போனவர், போன இடம் எதையும் காட்டவில்லை. சுவரிலோ வண்டியிலோ ஒரு பெரிய வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதன் முன்னால் நிழலில் ஆளை நிறுத்தி எடுத்தார். பெரிய ஃபிலிம் தாள் போடும் கேமரா. அவர் அதன் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் நின்று ஆளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே எடுப்பார். இர்விங் பென் இன்னும் ஒரு படி மேலே போய், கழற்றி மாட்டும் கூடாரத்தையே ஸ்டூடியோவாகத் தூக்கிக்கொண்டு மொராக்கோவுக்கும் நியூ கினியாவுக்கும் போனார்.

மாலி நாட்டின் பமாகோவில் 1948-ல் ஸ்டூடியோ தொடங்கிய சேய்டூ கேய்ட்டா பெரும்பாலும் எடுத்தது முற்றத்து வெளிச்சத்தில். பின்னால் தொங்கியது பூ வேலைப்பாடுள்ள துணி. முதலில் தன்னுடைய படுக்கை விரிப்பையே தொங்கவிட்டார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த ஆண்டு எடுத்தது என்பதை அந்தத் துணியைப் பார்த்தே சொல்ல முடிந்தது. வந்தவர்களின் உடையிலும் பின்னணியிலும் ஒரே சமயம் பூவும் கட்டமும் மோதுவதை ‘தவறு’ என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். அந்த மோதல்தான் அவருடைய படங்களின் உயிர். நெதர்லாந்தின் ரினேகே டைக்ஸ்ட்ரா 1990-களில் கடற்கரையில் எடுத்த பதின்வயதினரின் படங்களில் இடம் என்பது வெறும் மணல், கடல், வானம் என மூன்று பட்டைகள். கூடவே ஒரு ஃபிளாஷ். அந்த வெறுமையில், நீச்சலுடையில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத சங்கடம் முழுசாகத் தெரிகிறது.

இப்போதைய லொகேஷன் ஷூட்களில் நான் அடிக்கடி பார்க்கும் முரண் ஒன்று உண்டு. இடம் தேடி வெகுதூரம் போவார்கள். போனதும் 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 வரை அகலமாகத் திறந்து வைத்து (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்) அந்த இடத்தையே கரைத்துவிடுவார்கள். முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 2 மீட்டர் தொலைவில் அந்த அமைப்பில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண் கூர்மையாக இருக்கும், காது மங்கிவிடும். மலை, கோட்டை, பழைய வீதி எல்லாம் நிறத் திட்டுகளாகிவிடும். திட்டுதான் வேண்டும் என்றால் வீட்டுப் பின்புறத்துச் செடியே போதும். மங்கல் பின்னணி தவறில்லை. ஆனால் ‘இடத்தின் கதையைச் சொல்கிறேன்’ என்று எழுதிவிட்டு இதைச் செய்தால் எழுதியதும் எடுத்ததும் ஒட்டவில்லை என்று பொருள். இடம் வேண்டும் என்பவர் எஃப் 5.6, எஃப் 8 என்று மூடுவார், 35 மி.மீ. லென்ஸை மாட்டுவார், ஆளைப் பின்னணியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்று யோசிப்பார்.

லென்ஸைப் பற்றி இன்னொன்று. முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் என்று பலர் நம்புகிறார்கள். மாற்றுவது தூரம். அரை மீட்டருக்கு நெருங்கினால் மூக்கு பெரிதாகி காதுகள் பின்வாங்கும். எந்த லென்ஸானாலும் அப்படித்தான். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் முகம் நாம் வழக்கமாகப் பார்க்கிற அளவில் அமையும். நீளமான லென்ஸ் செய்வது, அவ்வளவு தள்ளி நின்றும் முகத்தைச் சட்டத்தில் நிறைப்பதுதான். எனவே ‘நெருக்கமான போட்ரெய்ட்’ என்று சொல்பவர் உண்மையில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பது முக்கியம். கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றால் எதிரில் இருப்பவர் நடந்துகொள்வதும் மாறிவிடும்.

இனி ஒளி. ‘இயற்கை ஒளியில் மட்டுமே எடுக்கிறேன்’ என்ற வரியின் பின்னால் இரண்டு விதமான ஆட்கள் இருக்கிறார்கள். விளக்கு வைக்கத் தெரியாததால் அப்படி எழுதுபவர் ஒருவர். விளக்குக்குப் பதிலாக நேரத்தையும் இடத்தையும் வைத்து ஒளியை அமைப்பவர் இன்னொருவர். இரண்டாமவரின் வேலை ஃபிளாஷ் வைப்பவருடையதைவிடக் கடினம், ஏனென்றால் அவரால் ஒளியை நகர்த்த முடியாது. ஆளைத்தான் நகர்த்த வேண்டும்.

சூரியன் எவ்வளவு பெரிதானாலும் நம் கண்ணுக்கு வானத்தில் அரை டிகிரி அகலம்தான். ஒளி வரும் பரப்பு ஆளின் பார்வையில் எவ்வளவு சிறிதோ அவ்வளவு கூர்மையாக நிழல் விழும். அதனால்தான் வெயிலின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. மேகம் மூடினால் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துவிடுகிறது. நண்பகல் வெயிலில் ஒளி தலைக்கு மேலிருந்து வருவதால் புருவ எலும்பு கண்களின் மேல் நிழல் போடும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிகள் மட்டும் தெரியும். அனுபவமுள்ளவர் அந்த நேரத்தில் கட்டட நிழலையோ பெரிய வாசலையோ தேடுவார். நிழலுக்குள் ஆழமாகப் போகமாட்டார். நிழலின் விளிம்பில், திறந்த வானத்தைப் பார்த்தபடி மாடலை நிறுத்துவார். வானத்தின் ஒளி முன்னாலிருந்து முகத்தில் விழும், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அதே ஆளை இரண்டடி பின்னால் தள்ளினால் புள்ளி போய்விடும், முகம் செத்துவிடும். இந்த இரண்டடிக்காக அவர் மாடலை முன்னும் பின்னும் நகர்த்துவதைப் பார்த்தால், வெளியாட்களுக்கு இவர் ஏன் இப்படிப் படுத்துகிறார் என்றுதான் தோன்றும்.

தரையும் ஒரு விளக்குதான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முன்னால் வெயில் விழும் வெளிர் நிறத் தரை இருந்தால் அது கீழிருந்து ஒளியைத் தூக்கிக் கொடுத்து, கண்ணுக்குக் கீழுள்ள நிழலைக் குறைக்கும்; காசில்லாத ரிஃப்ளெக்டர். புல்தரை என்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு கன்னம் மட்டும் சிவக்கும். நேரில் பார்க்கும்போது மூளை இதைச் சமன்செய்துவிடுவதால் தெரியாது, கேமரா சமன்செய்யாது. கூட ஒரு உதவியாளர் இருந்தால் பிடிக்கும் மடக்குத் தட்டி இந்தக் கணக்கில்தான் வருகிறது. வெள்ளைப் பக்கம் மெதுவாக நிரப்பும், வெள்ளிப் பக்கம் பளிச்சென்று அடிக்கும், தங்கப் பக்கம் தோலை வெதுவெதுப்பாக்கும், கறுப்புப் பக்கம் ஒளியைத் தின்று ஒரு கன்னத்தில் நிழலை ஆழமாக்கும். கறுப்பை வெளியே எடுப்பவரைப் பார்த்தால் அவர் நிழலை விரும்புகிறவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

‘கோல்டன் ஹவர்’ என்று எல்லோரும் சொல்வது சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும் நேரம். ஒளி நீண்ட தூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. பக்கவாட்டில் விழுவதால் கண்ணுக்குள் வெளிச்சம் போகிறது. பெயரில் ஒரு மணி நேரம் இருந்தாலும் எல்லா ஊரிலும் அவ்வளவு கிடைக்காது. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக, மணிக்கு 15 டிகிரி வேகத்தில் இறங்குகிறது. அடிவானத்துக்கு மேல் 6 டிகிரியிலிருந்து மறைவதற்கு 24 நிமிடம்தான். துருவங்களை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்ந்து இறங்குவதால் அந்த நேரம் நீளும். வடக்கு ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் ‘மாலை ஒளியில் நிதானமாக எடுக்கலாம்’ என்று எழுதியதைப் படித்துவிட்டு வெப்ப மண்டலத்தில் ஷூட் போட்டால், மூன்றாவது உடை மாற்றி வருவதற்குள் இருட்டிவிடும்.

ஃபிளாஷ் வைப்பவர்களின் ‘டிராமாட்டிக்’ படங்களுக்குப் பின்னால் இருப்பதும் எளிய கணக்கு. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் 16 என்றால் ஷட்டர் சுமார் 1/100 வினாடி திறந்திருந்தால் சரியாக இருக்கும். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 1.8-க்குத் திறந்தால் ஷட்டர் 1/8000 வினாடிக்குப் போக வேண்டும். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷும் ஷட்டரும் ஒத்துப்போவது 1/200 அல்லது 1/250 வரைதான். அதற்கு மேலே போனால் படத்தில் பாதி கறுப்பு. ஒன்று, லென்ஸின் முன்னால் ஐந்து ஸ்டாப் ஒளியை (ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒளி பாதியாகும்) விழுங்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டரை மாட்ட வேண்டும். அல்லது வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் ஒத்துப்போகும் ‘ஹை ஸ்பீடு சிங்க்’ முறைக்குப் போக வேண்டும், அதில் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறையும். இதைச் சமாளித்துவிட்டால் கையில் இரண்டு தனித்தனித் திருகுகள் கிடைத்துவிடும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வானமும் பின்னணியும் இருளும். ஃபிளாஷின் பலத்தையும் தூரத்தையும் மாற்றினால் முகம் மட்டும் மாறும். பட்டப்பகலில் கருமேகம் சூழ்ந்ததுபோல் வானமும், அதன் முன்னால் ஒளிரும் முகமும் வருவது இப்படித்தான். காற்று அடித்தால் ஃபிளாஷின் ஒளியைப் பரப்ப ஸ்டாண்டில் நிற்கும் குடை பாய்மரமாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணல் மூட்டை கொண்டுவராத லொகேஷன் ஃபிளாஷ்காரரை நம்ப வேண்டாம்.

ஒளிக்கு அடுத்து, எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மாடலிடம் என்ன பேசுகிறார் என்பது. ‘கேண்டிட் ஸ்டைல்’, அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஏற்பாடு செய்த ஷூட்டில்தான் எடுக்கிறார்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ‘தோளை இறக்குங்கள், முகவாயை இடது பக்கம், கையை இடுப்பில்’ என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னால் போஸ் வரும். ‘அந்த மூலை வரை நடந்து போய், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புங்கள்’ என்று ஒரு செயலைச் சொன்னால் உடம்பு தானாக அமையும். முதல் தடவை நடக்கும்போது மாடலுக்குக் கேமரா நினைவிருக்கும். மூன்றாவது நான்காவது தடவையில் அலுப்பு வரும், கை பையின் வாரைச் சரிசெய்யும், முடியை ஒதுக்கும், ‘இன்னும் எத்தனை தடவை?’ என்று சிரிப்பு வரும். கெட்டிக்காரர் அந்தச் சிரிப்புக்காகத்தான் முதல் இரண்டு நடையை நடக்கவிட்டார். முங்காச்சி ஓடச் சொன்னதும் இதே வித்தைதான்.

இதற்கு நேர் எதிராக, ஒரே ஒரு குறுக்கீட்டில் முகபாவத்தை வரவழைத்தவர் யூசுஃப் கார்ஷ். 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு வந்த வின்ஸ்டன் சர்ச்சிலை, சபாநாயகர் அறையில் எடுத்தார். அதுவும் ஒரு லொகேஷன் ஷூட்தான். விளக்குகளை முந்தின நாளே கொண்டுபோய் அமைத்து வைத்திருந்தார். கிடைத்தது சில நிமிடங்கள். சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டை எடுக்கவில்லை. கார்ஷ் நெருங்கிப்போய் சுருட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து கேமராவை அழுத்தினார். போர்க்கால பிரிட்டனின் உறுதி என்று உலகம் கொண்டாடிய அந்த முறைப்பு, சுருட்டுப் போன எரிச்சல். அடுத்த படத்தில் சர்ச்சில் சிரிக்கிறார். அது யாருக்கும் அவ்வளவாக நினைவில்லை. ஒளி முழுவதையும் முன்கூட்டியே முடித்து வைத்திருந்ததால்தான் ஆளின் மேல் மட்டும் கவனம் வைக்க அவரால் முடிந்தது.

பீட்டர் லிண்ட்பெர்க் 1988-ல் சான்டா மோனிகா கடற்கரையில் ஆறு மாடல்களுக்கு வெறும் வெள்ளைச் சட்டையை மாட்டி, ஒப்பனையைக் குறைத்து, சேர்ந்து சிரித்து விளையாடவிட்டுக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அமெரிக்க வோக் இதழ் அப்போது அதை ஏற்கவில்லை. இரண்டு ஆண்டுக்குள் அதே கண்ணோட்டம் பிரிட்டிஷ் வோக்கின் 1990 ஜனவரி அட்டையில் வந்து ஒரு தலைமுறை மாடல்களின் அடையாளமாயிற்று. முகத்தை மெழுகாக்கும் ரீடச்சிங்கை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தவர். ‘இயல்பு’ என்று அவர் சொன்னபோது அதில் தோலின் துளைகளும் அடங்கும். இன்று அதே சொல்லைப் போட்டுக்கொண்டு தோலைப் பளிங்காக வழித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாடலின் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் பழைய மனக்குறை. நல்ல மாடல் ஒவ்வொரு கிளிக்குக்கும் சின்னதாக ஒன்றை மாற்றுவார்: பார்வை, விரல், எடை தாங்கும் கால். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லாமலே முகத்தை அதற்குக் கொடுப்பார். வெயிலைப் பார்த்துக் கண் கூசினால் கண்ணை மூடிக்கொண்டு, ‘மூன்று’ என்றதும் திறப்பார். திறந்த முதல் கணத்தில் கூச்சம் இருக்காது, அதற்குள் எடுத்துவிடலாம். கலைஞரின் ஸ்டைல் என்று நாம் பாராட்டுவதில் ஒரு பகுதி, அவர் திரும்பத் திரும்ப அழைக்கும் அதே மாடலின் உடல்மொழியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எடுத்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘லைட் அண்ட் ஏரி’ என்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கி, நிழலை வெளிறவைத்து, பச்சையை மங்கவைப்பது. ‘மூடி’ (moody) என்றால் அதற்கு எதிர்ப்புறம்: குறைவான வெளிச்சம், பச்சையைப் பழுப்பாக்குவது, கறுப்பைக் கனமாக்குவது. இரண்டையும் ஒரு பொத்தானில் தரும் பிரீசெட்கள், அதாவது முன்கூட்டியே செய்துவைத்த எடிட்டிங் அமைப்புகள் விற்கின்றன, எனவே இதை மட்டும் ஸ்டைல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொத்தானை அழுத்துபவர்கள் கவனிக்கத் தவறுவது தோல் நிறத்தை. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் கலர் பிரிண்ட்களைச் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. கறுத்த தோல் அந்தக் கணக்கில் இல்லை. வெளிர் தோலை வைத்துச் செய்த பிரீசெட்டைக் கறுத்த முகத்தின் மேல் போட்டால் சாம்பல் பூக்கும், அல்லது ஆரஞ்சாகிவிடும். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரும் காட்சியை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பதால், கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் கூட்டும். இதையெல்லாம் கணக்கில் எடுப்பவர் ‘எல்லாருடைய தோலையும் அழகாக எடுப்பேன்’ என்று எழுதமாட்டார். அவருடைய தொகுப்பில் பல நிற முகங்கள் அதனதன் நிறத்தில் இருக்கும்.

ஷூட்டுக்கு முன்னால் நடக்கும் வேலைகளும் ஸ்டைலைச் சொல்லும். இடத்தை முன்பே போய்ப் பார்ப்பவர், எடுக்கப்போகும் அதே மணிக்குப் போய்ப் பார்ப்பார். காலை பத்து மணிக்குப் பார்த்த சுவர் மாலை ஐந்துக்கு வேறு சுவர். மூட் போர்டு என்ற பெயரில் பிறர் படங்களைக் குவித்து அனுப்புபவரைவிட, ‘இந்த மூன்று படங்களில் ஒளி வரும் திசை மட்டும் நமக்கு வேண்டும்’ என்று சொல்பவர் நமக்கு உதவியாக இருப்பார். உடை மாற்ற மறைவான இடம் எங்கே, கூட யாரை அழைத்துவரலாம், இடத்துக்கு அனுமதி வாங்கியாயிற்றா, படங்களை எங்கெல்லாம் பயன்படுத்துவார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். முடியை ஒதுக்கவோ காலரைச் சரிசெய்யவோ கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ரயில் தண்டவாளத்தில் நிறுத்தி எடுக்கலாம் என்று யோசனை சொல்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது ஆபத்து, பல நாடுகளில் குற்றமும்கூட.

ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், அவருடைய சிறந்த பத்துப் படங்களைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். பத்து வெவ்வேறு நாட்களில் தற்செயலாக அமைந்த பத்துப் படங்கள் எல்லாரிடமும் இருக்கும். ஒரே ஷூட்டில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒளி மாறும்போது முகத்தின் நிறம் தடுமாறுகிறதா, முதல் படத்திலிருந்த கூச்சம் கடைசிப் படத்திலும் இருக்கிறதா, இடம் மாறினாலும் அவர் விடாமல் பிடித்திருந்தது எது என்பதெல்லாம் தெரியும். அப்புறம் ஒரு கேள்வி: அன்றைக்கு மேகம் மூடிக்கொண்டால், அல்லது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ‘பார்த்துக்கொள்ளலாம், எடிட்டிங்கில் கொண்டுவந்துவிடலாம்’ என்பார் ஒருவர். ‘அந்தக் கட்டடத்துத் தாழ்வாரத்துக்குப் போய்விடுவோம், வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக வரும், பார்த்துவைத்திருக்கிறேன், அடர் நிறத்தில் ஒரு உடை மட்டும் கூடுதலாக எடுத்து வாருங்கள்’ என்பார் இன்னொருவர். இரண்டாமவரிடம் முன்பணம் கொடுக்கலாம்.